கழுதைக்குப் புஷ் இல்லை

வத்தல்மலைக்கு ஏறும் கொண்டையூசி வளைவுகளில் என் பழைய ஜீப் 'டொக் டொக்' என்று போட்ட தாளத்தைச் சங்கீதமாகவே பாவித்து வந்த நான், தருமபுரிப் புறவழிச்சாலையின் சமதரையிலும் அத்தாளம் தொடரவே, பட்டறையைச் சரணடைந்தேன். மேஸ்திரி கடப்பாரையால் வில்பட்டையை ஒரு நெம்பு நெம்பி, "புஷ் போச்சுங்க சார்" என்று இழவு சொல்லும் நிதானத்தோடு அறிவித்தார். இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் மோதாதபடி நடுவே தான் நசுங்கிச் சமாதானம் செய்யும் இந்த ரப்பர்த் துண்டு, கூட்டுக்குடும்பத்து மூத்த மருமகளின் ஸ்தானத்தையே வகிக்கிறது. சத்தம் கிளம்பும்வரை யாரும் விசாரிப்பதில்லை. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும், அந்தரத்தில் தூக்கி வைத்து இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து அற்பாயுளில் கிழியும் என்ற சாஸ்திரத்தையும் அவரே உபதேசித்தார்.

பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு, 2021 சட்டமன்றத் தேர்தலில், வாக்குப்பதிவு யந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிய விருத்தாந்தம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கழுதைக்குப் புஷ்ஷும் இல்லை, வில்பட்டையைத் தொங்கவிடும் ஷாக்கிளும் இல்லை. பேசாமல் ஒரு கழுதை வாங்கிவிடலாமே என்றேன்.

"எதுவானாலும் பில்லு போட்டுத்தானே ஆவணும் சார்" என்றபடி அவர் ரசீதுப் புத்தகத்தைத் தேடினார்.