வெத்தலை மடிச்சுக் குடுத்தவன்

எய்யா பேராண்டி, நேத்து ராத்திரியிலேருந்து திண்ணையில குப்புறக் கெடக்கியே, சோறு தண்ணி எறங்கல. ஆச்சி பயந்துபோயி, எவளோ ஒருத்தி உன்னைக் கழட்டி விட்டுட்டாள்னு நெனச்சு எலுமிச்சம்பழம் மந்திரிக்கப் பொறப்பட்டுட்டா. நாந்தான் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன். எனக்கு விசயம் தெரியும். கூட்டாளிகிட்ட நீ போன்ல பொலம்புனதை ஒண்ணு விடாமக் கேட்டுக்கிட்டுத்தான படுத்திருந்தேன்? கெழவனுக்குக் காது மந்தம்னு நீ நெனச்சா அதுக்கு நான் என்ன செய்ய? ‘செல் அவுட், செல் அவுட்’னு நூறு தடவை சொன்னியா, செல்லுதான் ரிப்பேராயிருச்சு போலன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறந்தான் பிடிபட்டுது. அமெரிக்காவுல மெட்டாலிக்கான்னு ஒரு பாட்டுக் கோஷ்டி. அவங்க விலைபோயிட்டாங்களாம். அதுக்குத்தான் இந்தப் பட்டினி.

துக்கம் எங்க ஆரம்பிச்சதுன்னும் பாத்தேன். ஆடு மேய்க்கிற பய ஒருத்தன், அந்தக் கோஷ்டி பேரு போட்ட கறுப்புப் பனியனை மாட்டிக்கிட்டு நம்ம கெணத்துமேட்டுல நின்னான். சந்தையில நூத்தம்பது ரூவாய்க்கு வாங்குனது. “இது யாரு தெரியுமாலே?”ன்னு நீ வெறப்பாக் கேட்ட. “உரக் கம்பெனியா அண்ணே?”ன்னான் அவன். அங்கனயே உனக்குப் பாதி உசுரு போயிருச்சு.

சரி, அவங்க வித்தது எப்ப? 1991-லன்னு சொன்ன. நீ பொறந்தது 2004. எழவு விழுந்து பதிமூணு வருசம் கழிச்சுப் பொறந்துட்டு, மாரடிக்க முன்வரிசையில வந்து ஒக்காந்த ஆளு இந்த வட்டாரத்துலயே நீ ஒருத்தந்தாம்ல.

வழக்கை நல்லா விசாரிப்போம். 1981-ல லாஸ் ஏஞ்சலஸ்ல ரெண்டு பயலுக சேந்து ஆரம்பிச்ச கோஷ்டி. மறு வருசம் ஒரு கேசட்டுல பாடி வைக்க, கேட்டவன் காப்பி எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுக்க, அவன் தபால்ல வேற ஊருக்கு அனுப்ப, கம்பெனிக்காரன் யாரும் தொடாமலே பேரு பரவிருச்சு. 1983-லேருந்து 88-க்குள்ள நாலு ஆல்பம். ஒவ்வொரு பாட்டும் சித்திரை வெயில் மாதிரி நீளம், சூடு. சிலது பத்து நிமிசத்தைத் தொட்டுட்டு வரும். அதுக்கப்புறம் 1991-ல பாப் ராக்னு ஒரு தயாரிப்பாளரைக் கூட வச்சுக்கிட்டு, கறுப்பு அட்டை போட்டு அஞ்சாவது ஆல்பம் விட்டாங்க. பாட்டு குறுகுச்சு, வேகம் கொறஞ்சுது, காதுக்கு லேசா ஆச்சு. அமெரிக்காவுல மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல போயிருச்சு. பழைய ரசிகன்லாம் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டான். 1996-ல அடுத்த ஆல்பத்துக்கு முடியை வேற வெட்டிக்கிட்டு வந்தாங்களா, ஒப்பாரி ரெட்டிப்பாச்சு. நம்மூர்ல முடி எறக்குனா சாமி குத்தம் தீரும். அங்க எறக்குனா குத்தமே அதுதான்!

நிக்கட்டும். நீ போன்ல வாய் தவறிச் சொன்ன இன்னொண்ணையும் கேட்டேன். 1984-ல, ரெண்டாவது ஆல்பத்துல, ‘ஃபேட் டு பிளாக்’னு ஒரு பாட்டை மெதுவாத் தொடங்குனாங்களாம். அப்பவே ‘வித்துட்டான்’னு ஒரு கூட்டம் கத்திருக்கு. 1989-ல மொத வீடியோ எடுத்தப்பவும் அதே கத்தல். 84-ல ஒரு தடவை, 89-ல ஒரு தடவை, 91-ல, 96-ல. ஏ ராசா, ஒரே மாட்டை எத்தனை சந்தையிலதான்யா விப்பாங்க?

இது இவங்களோட தொடங்குன கூத்தும் இல்ல. பாப் டிலன்னு ஒருத்தர், பின்னால 2016-ல நோபல் பரிசே வாங்குனவர். 1965-ல நியூபோர்ட்ல ஒரு விழா மேடையில கரண்டுக் கிதாரைத் தூக்கிட்டார். அதுவரைக்கும் மேடையில சும்மாக் கிதாரு, வாயில ஒரு ஊதலு, அம்புட்டுத்தான். மறு வருசம் மான்செஸ்டர் கச்சேரியில கூட்டத்துலேருந்து ஒருத்தன் அவரைப் பாத்து ‘யூதாசு’ன்னு கத்திருக்கான். முப்பது வெள்ளிக்காசுக்கு ஏசுவைக் காட்டிக் குடுத்தவன் பேரைப் போயி, கிதாருக்குக் கனெக்சன் குடுத்தவன் தலையில கட்டிருக்கான் பாரு! நம்ம கமலைக் கெணத்துக்கு மோட்டாரு வச்சப்ப எங்கப்பாவும் இப்படித்தான் மூணு நாளு யார்கூடயும் பேசல. நாலாம் நாளு வாய்க்கால்ல தண்ணி ஓடுனதும் மொத ஆளா மம்பட்டியோட எறங்கி நின்னாரு.

இன்னொரு கோஷ்டி, கிரீன் டே. பெர்க்லியில கில்மன் தெருன்னு ஒரு எடத்துல வாசிச்சு வளந்த பயலுக. பெரிய கம்பெனிக்குப் பாடுறவனுக்கு அங்க எடமில்லைங்கிறது அப்பச் சட்டம். இவங்க கம்பெனியில சேந்தாங்க, 1994-ல ஆல்பம் ஓகோன்னு போச்சு, இவங்களுக்குக் கதவு சாத்துனது சாத்துனதுதான். நம்ம ஊர்க் கூட்டத்துல ஒதுக்கி வைக்கிற மாதிரியேதான். கடைசியில 2015-ல, ஒரு உதவிக் கச்சேரிக்கு வந்து அதே எடத்துல வாசிச்சிருக்காங்க. சண்டை போட்ட பங்காளிகூட பத்து வருசத்துல சமாதானமாயிருவான்யா. இவங்களுக்கு இருபது வருசத்துக்கு மேல ஆயிருக்கு.

இப்ப என் கதையச் சொல்லுதேன். ஆச்சி காதுல விழாம, கிட்ட வா.

எனக்கு உன் வயசு இருக்கையில, நம்ம அம்மன் கொடைக்கு ஒரு நாயனக்காரர் வருவாரு. அரிசியும் தேங்காயும் கொஞ்சம் சில்லறையும்தான் கூலி. அவரு வாசிச்சா எனக்கு மேலெல்லாம் புல்லரிக்கும். விடிய விடியப் பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன். நடுவுல அவரு கைய நீட்டுவாரு, நான் வெத்தலை மடிச்சுக் குடுப்பேன். ஊர்ல வேற எவனுக்கும் அந்த உரிமை கெடையாது. பின்னால திருநெல்வேலி ரேடியோவுல அவரைக் கூப்பிட்டாங்க. பேரு பரவிருச்சு. அடுத்த வருசம் சில்க் சட்டை, கைக்கடியாரத்தோட வந்து எறங்குனாரு. சுத்தி ஆயிரம் சனம். நான் வெத்தலையோட பக்கத்துல போறதுக்குள்ள வேற எவனோ மடிச்சு நீட்டிட்டான்.

வீட்டுக்கு வந்து ‘முன்ன மாதிரி வாசிப்பு இல்ல’ன்னு பெருசா விமரிசனம் பண்ணேன். உங்க ஆச்சி மொளகா அரைச்சுக்கிட்டே கேட்டா: “வாசிப்பு மாறிருச்சா, இல்ல வெத்தலை மாறிருச்சா?”

அன்னைக்கு மூடுன வாய நான் இன்னைக்குத்தான் தொறக்கேன்.

உன் வெத்தலை எதுன்னும் எனக்குத் தெரியும்ல. கொரோனாவுல வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தப்பத்தான் நீ இந்தப் பாட்டையே கேட்ட. 2022-ல ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’னு ஒரு தொடர்ல, 1986-ல வந்த மெட்டாலிக்கா பாட்டு ஒண்ணைப் போட்டாங்க. உங்க காலேசுல பாதிப் பேரு அதுக்குத் தலையாட்ட ஆரம்பிச்சான். ரெண்டே வருசம் முந்தி வந்த நீ அதுக்குள்ள பட்டா கேக்குத. 1982-ல கேசட்டை வாங்கிக் காப்பி எடுத்தவன் இன்னும் இருப்பாம்லே. அவன் உன்னையப் பாத்தா ‘நேத்துப் பொறந்த பய’ன்னு சொல்ல மாட்டானா?

அதுக்காக உன்னைக் கோவப்படாதேன்னு சொல்லல. கோவப்பட நல்ல எடம் இருக்கு. 2000-த்துல நாப்ஸ்டர்னு ஒண்ணுல சனங்க பாட்டை ஒருத்தருக்கொருத்தர் ஓசியில மாத்திக்கிட்டாங்க. மெட்டாலிக்காக்காரங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. கொட்டடிக்கிற லார்ஸ், பாட்டை எடுத்த லட்சக்கணக்கான பேரோட பட்டியலையே மூட்டையாக் கொண்டுபோயி அந்தக் கம்பெனி வாசல்ல எறக்குனாரு. ஒழைச்சவன் கூலி கேக்கது நியாயந்தான். ஆனா, காப்பி எடுத்த கேசட்டுல பேரு வாங்குன கை, காப்பி எடுத்தவனையே பட்டியல் போட்டுக் குடுத்துச்சு பாத்தியா? அதக் கேளு. நானும் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு உங்கூட வாரேன்.

அதே மாதிரி, பாட்டு சப்புன்னு இருந்தா சப்புன்னு இருக்குன்னு சொல்லு. எந்தப் பாட்டு, எந்த எடத்துல தொய்யுதுன்னு வெரல் வச்சுக் காட்டு. பருத்தி வாங்க வர்ற யாவாரி வித்தவன் மூஞ்சியப் பாத்தா விலை பேசுதான்? பஞ்சைக் கிள்ளி, இழுத்துப் பாத்துல்ல பேசுதான். ஆயிரம் பேரு கேக்கானேன்னு பாட்டு கெட்டுப் போகாது. பத்துப் பேரு கேக்கானேன்னு ஒசந்தும் போகாது. அந்த மொத நாலு ஆல்பம் உன் போன்லதான இருக்கு? யாரும் ஒரு வரியக்கூட அறுத்துக்கிட்டுப் போகலியே.

எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு. கம்மங்கூழு ஒரு செம்பு குடி. அப்புறம் கெணத்துமேட்டுக்குப் போ. உரக் கம்பெனிப் பனியன் இன்னும் அங்கதான் நிக்கான். பனியன்ல இருக்கது யாருன்னு பரீட்சை வைக்காம, காதுல அந்த 1986 பாட்டைப் போட்டு விடு. அவனுக்குப் பிடிச்சா உனக்கொரு கூட்டாளி ஆச்சு. பிடிக்கலேன்னா பனியன் அவன் காசுல வாங்குனது, போட்டுக்கிட்டுப் போறான்.

சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சு வை. போன வாரம் நீ போட்டதுல செனை ஆடு ரெண்டு ஓடை தாண்டி ஓடிருச்சு.