ஏழு வாட் குடித்தனம்

எங்கள் ஹாலில் எரிகிற எல்.இ.டி. பல்பு 9 வாட். என் ஹாம் ரேடியோ கக்குவது 7 வாட். பல்பைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ரேடியோவைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது.

பெட்டியின் பெயர் பிட்எக்ஸ் 40. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹானின் வடிவமைப்பு. ஆரம்பகால பிட்எக்ஸில் கம்பிச் சுருளைச் சாதாரணக் குழாய் வாஷரிலேயே சுற்றலாம் என்று காட்டியவர் அவர். எங்கள் சமையலறைக் குழாய் ஒழுகும்போதெல்லாம் எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்ப்பது அதனால்தான்.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, "இதைக் கொஞ்சம் சேஃப் ஆக்கறேன்" என்றால் போதும், மனைவி மெயின் ஸ்விட்ச் பக்கம் போய் நின்றுகொள்வாள். ரேடியோவுக்குக் கரண்ட் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து. வெறும் 12 வோல்ட்தான், தொட்டாலும் அடிக்காது. ஆனால் ஒயர் ஷார்ட்டானால் அதே பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி ஒயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். ஆகவே ஃபியூஸை பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே போட்டேன். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகும் மேதாவிகளுக்காக, ஃபியூஸுக்கு அப்புறம் குறுக்கே ஒரு டயோடு. தப்பாகச் செருகினால் ஃபியூஸ் போகும், பெட்டி பிழைக்கும். எங்கள் வீட்டில் அந்த மேதாவி யார் என்று என் பையன் கேட்கவே இல்லை. டயோடை மட்டும் ரெண்டாக வாங்கி வந்தான்.

அடுத்தது நிலைத்தன்மை. பழைய பிட்எக்ஸில் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது ஒரு கம்பிச் சுருளும் சில கெபாசிட்டர்களும். அவற்றுக்குச் சூடு ஏறினாலும் இறங்கினாலும் அதிர்வெண் நழுவும். நூறு இருநூறு ஹெர்ட்ஸ் நழுவினாலே எதிர்முனையில் மனிதக் குரல் வாத்துக் குரலாகிவிடும். "ஓ.எம்., யார் வீட்டு வாத்து?" என்று பெங்களூரு நண்பர் கேட்டார். (ஓ.எம். என்றால் ஓல்டு மேன், ஹாம் பாஷையில் 'நண்பா'.) ஃபேன் காற்றுதான் எதிரி என்று கண்டுபிடித்து, கத்திரி வெயிலில், சென்னையில், ஹால் ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். மாமியார் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

முந்தானையால் விசிறிக்கொண்டே மனைவி கேட்டாள்: "காத்து படக் கூடாதுன்னா பெட்டியை மூடுங்க. வீட்டை ஏன் மூடறீங்க?"

எலக்ட்ரானிக்ஸ் புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன, இவ்வளவு சுருக்கமாக இல்லை. சுருளை ஒரு டப்பாவுக்குள் அடைத்தேன். அப்புறம் ரிச்சி தெருவுக்குப் போய் எஸ்.ஐ.5351 சிப் வைத்த குட்டி போர்டை வாங்கிப் பொருத்தினேன். அது கிரிஸ்டலைப் பிடித்துக்கொண்டு அதிர்வெண்ணை உண்டாக்குவது. ஃபேன் ஐந்தில் சுற்றினாலும் அசையாது.

இப்போது பெங்களூருவில் என் குரல் துல்லியம். அன்றைக்கு நம் நாட்டு மின்சாரத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் குறுக்கிட்டு, ஹாம் வழக்கப்படி 73 சொல்லி விடைபெற்றார்: "ஓ.எம்., எல்லாம் தெளிவாக் கேக்குது. குக்கர் ரொம்ப நேரமா விசில் அடிக்குது, போய் அடுப்பை அணைங்க. 73!"