இரட்டை அடுக்குக் கேள்விகள், ஒற்றை அடுக்குப் பதில்கள்

லவ்டேலில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் ஆண்பிள்ளைகளுக்கு இரண்டே யோசனைதான்: ஒன்று பஜ்ஜி, இன்னொன்று துப்பாக்கி. பஜ்ஜியைப் பற்றி இந்த வாரம் ஒரு கடிதம்கூட இல்லை. பெரியப்பா என்ன செய்ய? வந்ததற்குப் பதில்.

கல்லூரி மாணவர், கேத்தி: டபுள் ஸ்டாக் பிஸ்டல் என்கிறார்களே, அதற்கு இரண்டு குழலா பெரியப்பா?

குழல் ஒன்றுதான் தம்பி. மேகசினுக்குள் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்காமல், இடமும் வலமுமாக நெருக்கியடித்து நிற்கும். அதனால் ஏழெட்டு பிடித்த இடத்தில் பதிமூன்று, பதினைந்து, பதினேழு என்று பிடிக்கும். கைப்பிடி பருக்கும். கொள்ளளவு கூடினால் சுற்றளவு கூடும் என்பது கல்யாணமான எல்லாருக்கும் தெரிந்ததே.

ஆசிரியை, குன்னூர்: இந்த யோசனை யாருடையது?

ஜான் ப்ரௌனிங் என்று சொல்பவருக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். அவர் 1926-இல் பெல்ஜியத்தின் லீஜ் நகரில், வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். பதிமூன்று ரவை மேகசினைத் தந்து, துப்பாக்கியையும் செய்து முடித்தவர் தியூதொனே செவ். 1935-இல் வெளிவந்தது ஹை பவர். பெயரை ப்ரௌனிங் வாங்கிக்கொண்டார், வேலையை செவ் வாங்கிக்கொண்டார். எல்லா ஆபீசும் இப்படித்தான்.

ஓய்வுபெற்ற சுபேதார், வெலிங்டன்: நம் ராணுவத்து 9 எம்.எம். 1ஏ பிஸ்டலைக் குறை சொல்லலாமா?

பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்த பிறகு தாராளமாக.

அதுவும் அந்த ஹை பவரின் பேரப்பிள்ளைதான். போர்க்காலத்தில் டொரன்டோவின் இங்க்லிஸ் கம்பெனி செய்த மாதிரியைப் பார்த்து இஷாபூர் ரைபிள் ஃபேக்டரி செய்தது. இங்க்லிஸ் பிற்பாடு வாஷிங் மெஷினுக்குப் பேர் வாங்கியது தனிக்கதை. வடிவம் கெட்டி. மேகசினைக் கழற்றிவிட்டால் சுடாது என்ற பாதுகாப்பும் உண்டு, அதனாலேயே விசை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனால் சிக்கல் என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேகசினைத்தான். பல கை மாறி, பல முறை கீழே விழுந்து, அதன் உதடு நசுங்கியிருக்கும். பழி மட்டும் துப்பாக்கிக்கு.

எஸ்டேட் மேனேஜர், கோத்தகிரி: என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. பதினேழு ரவை க்ளாக் பிஸ்டல் வாங்கலாமா?

கூடாது. அது 9 எம்.எம்., நம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட குழல் விட்டம் (போர்). ஊட்டி கலெக்டர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, டெல்லி உள்துறை அமைச்சகம் மனசு வைக்க வேண்டும். அனுமதியில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை உள்ளே. பதினேழு ரவைக்குப் பதினாலு வருஷம். கணக்கில் மூன்று மிச்சம் போலத் தெரியும், ஏமாறாதீர்கள்.

அதே மேனேஜர் (விடமாட்டார் போல): அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

.32-தான். அரசாங்கத்தின் அசனி பிஸ்டல், ஒற்றை அடுக்கு, எட்டு ரவை. அல்லது ரிவால்வர், ஆறு ரவை. 2014-இல் பெண்களுக்கென்று கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் ரிவால்வரின் அறிமுக விலை 1,22,360 ரூபாய். ஆறால் வகுத்துப் பாருங்கள், அறை ஒன்றுக்கு இருபதாயிரம் சொச்சம். 2023-இல் பிரபல் ரிவால்வர் வந்தது. பிரிட்டிஷ் வெப்லி கம்பெனியே உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் கடை விரித்துவிட்டது.

அமெரிக்காக்காரன் ஐந்நூறு, அறுநூறு டாலருக்குப் பதினேழு ரவை க்ளாக் வாங்கிக்கொண்டு போகிறான். நாம் அதைவிட அதிகம் கொடுத்து ஆறு ரவை வாங்குகிறோம். அதனால்தான் அங்கே தினமும் சத்தம் கேட்கிறது, இங்கே நிம்மதியாகத் தூங்குகிறோம். இதில் யாருக்கு லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பேத்தி, ஊட்டி: காலமான தாத்தாவின் பீரோவில் பழைய செக் நாட்டு சி.இசட். 83 இருக்கிறது. லட்சக்கணக்கில் போகுமாமே?

முதலில் அதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படையுங்கள் அம்மா. தாத்தாவின் லைசென்ஸ் தாத்தாவோடு போயிற்று. வாரிசு என்று மனு போடுவது அடுத்த வேலை.

விலைக்கு வருவோம். 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பொதுமக்களுக்கு நின்றுபோனது. அதற்கு முன் தப்பித்தவறி வந்தவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதிலும் .32 சி.இசட். 83-க்குப் பதினைந்து ரவை. சட்டத்துக்கு உட்பட்டு நம் நாட்டில் ஒருவர் டபுள் ஸ்டாக் வைத்துக்கொள்ளக் கிடைக்கும் அபூர்வ வழிகளில் அது ஒன்று. பன்னிரண்டு ரவை பெரெட்டா 81 இன்னொன்று.

ஆக, கேட்கிற லட்சங்களில் பெரும்பகுதி தட்டுப்பாட்டுக்கு. அதே துப்பாக்கி ஐரோப்பாவில் காவல்துறை கழித்துப்போட்ட பழசு. நம்மூர் வந்ததும் புராதனச் சிலை.

அதே வகைத் துப்பாக்கிக்காரர், ஊர் போட வேண்டாம் என்கிறார்: .32 மேகசினை நிரப்பினால் சில சமயம் நடுவில் பூட்டிக்கொள்கிறது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

துப்பாக்கி சுத்தம். தோட்டாவின் ஜாதகத்தில் தோஷம்.

.32 தோட்டாவின் அடிப்பாகத்தில் சின்ன விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ப்ரௌனிங் அதை வடிவமைத்தபோது, தோட்டா குழலுக்குள் சரியான ஆழத்தில் நிற்கட்டும் என்று வைத்த விளிம்பு. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் போச்சு, இரண்டும் நகராது. இந்தப் பூட்டு ஒற்றை அடுக்கிலும் விழும். இரட்டை அடுக்கில் விழுந்தால் கூடுதலாக நான்கு வார்த்தை திட்டலாம்.

ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் முந்தையதன் விளிம்புக்கு முன்னால் வருகிறமாதிரி நிதானமாக நிரப்புங்கள். குட்டையான தோட்டா என்றால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைக்கும், பூட்டு சுலபமாக விழும். 9 எம்.எம்.முக்கு இந்த விளிம்பு இல்லை. அதனால்தான் உலகம் அதில் பதினேழை அடைத்து ஜாலியாக இருக்கிறது. நமக்கு வாய்த்தது விளிம்புள்ளது.

டாக்சி ஓட்டுநர், மேட்டுப்பாளையம்: பொதுவாகவே டபுள் ஸ்டாக் அதிகம் சிக்கும் என்பது உண்மையா அண்ணே?

மே மாதம் கல்லாறு இ-பாஸ் சோதனைச் சாவடியில் நின்றிருக்கிறீர்களா? இரண்டு வரிசையாக வந்த வண்டிகள் ஒரே வரிசையாக நுழைய வேண்டிய இடத்தில்தான் ஹாரனும் சண்டையும். பெரும்பாலான டபுள் ஸ்டாக் மேகசினின் கழுத்தும் அதுதான். கீழே இரண்டு வரிசை, உச்சியில் ஒன்று. அந்தக் கழுத்தின் கோணமும் உதட்டின் இடைவெளியும் சரியாக இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. தலைமுடி அளவு தவறினாலும் தொல்லை.

க்ளாக் போல முதல் நாளிலிருந்தே இரட்டை அடுக்குக்கென்று பிறந்தவை சமர்த்தாக இருக்கின்றன. 1982-இல் ஆஸ்திரிய ராணுவத்துக்காக அதைச் செய்த காஸ்டன் க்ளாக், அதற்கு முன் துப்பாக்கியே செய்ததில்லை. திரைச்சீலைக் கம்பி செய்தவர். பழைய பழக்கம் எதுவும் இல்லாததே அவருக்கு மூலதனம். ஒற்றை அடுக்காகப் பிறந்ததை இழுத்து இரட்டை ஆக்கினால்தான் கதை வேறு.

ஐ.டி. ஊழியர், டல்லாஸ் (சொந்த ஊர் லவ்டேல்): இங்கே 2011 ரகம் என்று பழைய 1911 பிஸ்டலை டபுள் ஸ்டாக் ஆக்கி விற்கிறார்கள். காசுக்குத் தகுமா பெரியப்பா?

நான் சொன்ன வேறு கதை உங்கள் பக்கத்து வீட்டிலேயே நடக்கிறதா! 1990-களில் டெக்சாஸில் பிறந்த யோசனை அது. மேலே பழைய 1911-இன் இனிமையான விசை, கீழே பருத்த பிளாஸ்டிக் பிடி. போட்டிக்காரர்கள் கொண்டாடினார்கள். வாங்கியவர்களில் பலர், வெர்னியர் அளவுகோல் வைத்து மேகசின் உதட்டை அளந்து, இடுக்கியால் திருத்திக்கொண்டு திரிந்தார்கள். பொழுதுபோக்கு துப்பாக்கி சுடுவதா, தகர வேலையா என்று குழப்பம்.

இன்று நல்ல கம்பெனிச் சரக்கு 2,000 டாலருக்கு மேல். துருக்கியிலிருந்து வருவது ஆயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. மலிவானதை வாங்கி மிச்சக் காசில் நல்ல மேகசின் இரண்டும், தோட்டா சில பெட்டியும் வாங்கினவர் சிரிக்கிறார். விலையுயர்ந்ததை வாங்கி மட்டமான மேகசின் போட்டவர் கடிதம் எழுதுகிறார்.

அப்புறம், முதல் 500 ரவை சுட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வாரே, அதை நம்பலாம். அந்த 500 ரவையை அவரே தந்தால்.

போட்டித் தேர்வர், குன்னூர்: 1911 என்ற ஆண்டுக்குத் துப்பாக்கி வரலாற்றில் என்ன முக்கியத்துவம்?

மார்ச் மாதம் அமெரிக்க ராணுவத்தின் சோதனையில் 6,000 ரவை சிக்காமல் சுட்டுக் காட்டி, ப்ரௌனிங்கின் .45 பிஸ்டல் வேலைக்குச் சேர்ந்தது. ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சியின் கையில் இருந்ததும் ப்ரௌனிங்தான். முதலாவது வினாத்தாளில் வராது.

சினிமா ரசிகர், கூடலூர்: நம் ஹீரோக்கள் வைத்திருக்கும் பிஸ்டலில் எத்தனை ரவை?

இடைவேளை வரைக்கும்.

பழைய ரசிகர், அருவங்காடு: தோட்டாவுக்கு வயசாகுமா?

ஆகும். 1967 ஜனவரி 12, எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். தோட்டாக்கள் பல ஆண்டு பழசு, சின்ன டப்பாவில் ஒன்றோடொன்று உரசிக் கிடந்து வலுவிழந்தவை என்பது பிற்பாடு சொல்லப்பட்ட காரணம். எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். பழைய சரக்கால் ஒரு மாநிலத்தின் அரசியலே மாறியிருக்கிறது. உங்கள் டப்பாவில் தேதி பாருங்கள்.

நீங்கள் அருவங்காட்டுக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். உங்கள் ஊர் ஃபேக்டரிக்குப் பெயர் தந்த கார்டைட், 1889-இல் ஏபலும் டீவரும் கண்டுபிடித்தது. நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, அதோடு நூற்றுக்கு 5 பங்கு வாசலின். ஆமாம், பனிக்காலத்தில் உதட்டில் தடவுகிறோமே, அதேதான். தயவுசெய்து யாரும் தீக்குச்சியோடு வந்து சரிபார்க்க வேண்டாம்.

தேயிலைத் தோட்டக்காரர், லவ்டேல்: ராத்திரி வாசலில் காட்டெருமை நிற்கிறது. எட்டு ரவை போதுமா, பதினைந்து வேண்டுமா?

ஒன்றுகூட வேண்டாம். .32 தோட்டாவின் வேகம், எடை எல்லாம் சேர்த்தால் சுமார் 170 ஜூல். வாசலில் நிற்பவர் ஒரு டன் வரை வருவார். நீங்கள் சுட்டால் அவருக்குக் கொசு கடித்தது தெரியும், கொசு யார் என்பதும் தெரிந்துவிடும். போதாததற்கு 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்கு போன் போடுங்கள்.

காப்பி வியாபாரி, கூடலூர்: குடகுக்காரர்களுக்கு லைசென்ஸே வேண்டாமாமே? பெண் எடுத்தால் எனக்கும் பொருந்துமா?

கொடவ இனத்தாருக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமைக்காரர்களுக்கும் உள்ள சலுகை அது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். நீண்ட துப்பாக்கிக்குத்தான், பிஸ்டலுக்கு இல்லை. மாப்பிள்ளைக்குக் கிடைப்பது பன்றிக் கறி மட்டும். அது மோசமான பேரம் இல்லை.

லைசென்ஸ்தாரர், கேத்தி: தோல் உறையில் வைத்தும் துருப் பிடிக்கிறதே?

தோல் உறையில் வைத்ததால்தான். நம் மூடுபனியை உறிஞ்சி வைத்திருந்து, சொட்டுச் சொட்டாக இரும்புக்கு ஊட்டும். உறை இடுப்புக்கு, பீரோவுக்கு அல்ல. எண்ணெய்த் துணியில் துடைத்து, சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். குளிரிலிருந்து கொண்டுவந்து கணப்புப் பக்கத்தில் வைத்தாலும் வியர்க்கும், உடனே துடைக்க வேண்டும். தேர்தல் காலத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும்போது அங்கேயே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அதையும் தாண்டி மினுமினுத்தால் அது நம்பகமான துப்பாக்கி.

பள்ளி மாணவி, லவ்டேல்: ஒலிம்பிக்கிலும் துப்பாக்கி மக்கர் செய்யுமா தாத்தா?

பெரியப்பா என்று சொல்லு கண்ணு.

செய்யும். டோக்கியோவில் 2021-இல் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் நடுவில் மக்கர் செய்தது. சரிசெய்து வருவதற்குள் நிமிஷங்கள் ஓடிப்போய், 575 புள்ளியோடு இறுதிச் சுற்றை இரண்டே புள்ளியில் விட்டார். உலகத்தரமான துப்பாக்கிதான் அது. மூன்று வருஷம் கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம். அதே பாரிஸில் பாக்கெட்டில் ஒரு கையை விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிப் போனாரே துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச், அவர் பிஸ்டலின் கொள்ளளவு தெரியுமா? ஒரு சமயத்துக்கு ஒரே ஒரு குண்டு.

குடும்பத் தலைவி, லவ்டேல்: என் வீட்டுக்காரர் பிஸ்டல் லைசென்ஸுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். "உயிருக்கு ஆபத்து எப்போது ஏற்பட்டது" என்று போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்று முழிக்கிறார்.

இன்னும் ஏற்படவில்லை என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள் அம்மா. வாங்கிக்கொண்டு வந்து, விலையை உங்களிடம் சொல்லுகிற அன்றைக்குத்தான் ஏற்படும்.