ஒருங்கிணைந்த தலைவர்

விழுப்புரம் ஜங்ஷன் முதல் திண்டிவனம் மேம்பாலம் வரை எந்த டிஜிட்டல் பேனரை அண்ணாந்து பார்த்தாலும் இவர் இருப்பார். காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, அதே வெள்ளைச் சட்டை, அதே கூப்பிய கை. கீழே பதவி: ‘ஒருங்கிணைந்த தென்னாற்காடு மாவட்டத் தலைவர்’. எந்தச் சங்கத்துக்கு என்பது சுற்றிலும் ஒட்டியிருக்கும் தலைகளுக்குள் மறைந்துபோயிருக்கும். தென்னாற்காடு 1993 செப்டம்பர் 30-ல் கடலூர், விழுப்புரம் என இரண்டானது; 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியும் பாகம் பிரித்துக்கொண்டு போனது. பிரியாத காலத்தில் அது வெறும் தென்னாற்காடு. ஒருங்கிணைந்த என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கட்சிகளிலும் இதே கதைதான். அணி பிரிந்த பிறகுதான் அந்த அடைமொழியைத் தேடுவார்கள். ஆகவே தலைவர் வாயில் இந்தச் சொல் வருகிறதென்றால், சம்பந்தப்பட்ட சரக்கு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்று தாராளமாக முடிவுகட்டலாம்.

அப்படியானால் 1975-ல் வந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் உடைந்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே இணைமாவும் தடுப்பூசியும் முன்பருவக் கல்வியும் ஒரே அங்கன்வாடிக்கு வந்து சேர்ந்தன. சொல்லுக்கு வேலை இருந்தது. தலைவர் எதையும் சேர்க்கவில்லையே! மாவட்டம் பிரிந்த பிறகும் நிஜமாகவே சேர்ந்திருந்த பால் உற்பத்தியாளர்கள் ஒன்றியம், விழுப்புரம்-கடலூர் என்று நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டு பால் எடுத்தது. அதற்கு அடைமொழி தேவைப்படவில்லை.

மண்பாசம் ஐயா, கொச்சைப்படுத்தாதீர்கள் என்பார் அவருடைய மாவட்டச் செயலாளர் (அவரும் ஒருங்கிணைந்தவர்தான்). பாசம் இருக்கட்டும். ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதி 7, கள்ளக்குறிச்சியையும் சேர்த்துச் சொன்னால் 11. மேடையில் எது கனம் என்பது தலைவருக்குத் தெரியும். கடலூர்க் கூட்டத்துக்கு வண்டி வைக்கச் சொன்னால் மட்டும், “அது வேற மாவட்டம்பா, அவங்களே பார்த்துக்கட்டும்” என்பார். திண்டிவனத்தைத் தலைநகராக வைத்துத் தனி மாவட்டம் கேட்கும் மனுவில் முதல் கையெழுத்தும் இவருடையதுதான். அது கிடைத்துவிட்டால் அடிக்க வேண்டிய ‘ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டம்’ லெட்டர்பேடுக்கு அச்சகத்தில் இப்போதே முன்பணம் கொடுத்திருக்கிறாராம்.