வில்லியின் உழைப்பும் நல்லோரின் மௌனமும்: விருத்தாசலத்தை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

1. ஆய்வு நோக்கம்

தொலைக்காட்சிக் காதல் தொடர்களில் வில்லி ஆற்றும் பணியைத் தமிழ் ஆய்வுலகம் இன்றுவரை முறையாக எடுத்துப் பேசவில்லை. கதாநாயகிக்கு இரக்கம் கிடைத்தது. கதாநாயகனுக்கு ரசிகைகள் கிடைத்தார்கள். மாமியாருக்குப் பட்டிமன்றத்தில் ஓர் அணியே கிடைத்தது. வில்லிக்கோ வாரத்தில் ஆறு நாளும் சாபம்தான். இக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

கருதுகோள் வருமாறு: நெடுந்தொடரில் வேலை பார்க்கும் ஒரே ஆள் வில்லி. மற்றவர்கள் கண்கலங்குகிறார்கள், மாடிப்படி இறங்குகிறார்கள், யாராவது ஏதாவது சொன்னால் மூன்று முறை திரும்பிப் பார்க்கிறார்கள். திட்டமிடுவது, ஆள் பிடிப்பது, காசு கொடுப்பது, பிசகினால் மறுநாளே வேறு திட்டம் போடுவது எல்லாம் அவள் தலையில். இவ்வளவுக்கும் அவள் போட்ட முதலீடு பணமுமல்ல, விஷமுமல்ல. நல்லவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒன்றுதான்.

2. ஆய்வுக் களமும் முறையும்

ஆய்வுக் களமாக விருத்தாசலம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. இரண்டு, பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். மூன்று, ஆய்வாளரின் அத்தை இருக்கிறார். முதலிரண்டும் கோட்பாட்டுக்குப் பயன்பட்டன. மூன்றாவது, சாப்பாட்டுக்கும் தரவுக்கும்.

அத்தை பல காலம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபினிஷிங் பார்த்தவர். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் இரு பாதியும் சேரும் இடத்தில் நிற்கும் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடு இருந்த தடமே தெரியாமல் ஆக்குவது அந்த வேலை. ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் தொடர் பார்ப்பதற்கு இன்றியமையாதது என்பது பின்னால் விளங்கும்.

ஆய்வுமுறை, பங்கேற்று உற்றுநோக்கல். அதாவது, கூடத்துத் தரையில் உட்கார்ந்து, அவ்வூர் ஆராய்ச்சி நிலையம் உலகுக்கு அளித்த வி.ஆர்.ஐ. ரகக் கடலையை உரித்தபடி, திரையையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தல். விளம்பர இடைவேளைகளில் நேர்காணல் எடுக்கப்பட்டது. மின்சாரம் நின்ற மாலைகளில் வில்லிக்கு ஓய்வு என்று குறிக்கப்பட்டது. வீட்டு ஃபியூஸ் கட்டையும் பீங்கான்தான் என்பதால் அதுவும் ஆய்வு எல்லைக்குள் அடங்கும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொடர், பிரவீன் பென்னட் இயக்கத்தில் விஜய் டிவியில் 2019 பிப்ரவரி முதல் 2023 பிப்ரவரி வரை ஓடிய ‘பாரதி கண்ணம்மா’. மலையாளத்தின் ‘கறுத்தமுத்து’ தொடரைத் தழுவியது. இதில் வில்லி வெண்பா, நடித்தவர் ஃபரினா ஆசாத்.

3. முன்னோடிகள்

சதி இல்லாமல் காதல் நகராது என்பதை விருத்தாசலம் தொலைக்காட்சி வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அறிந்திருந்தது. அப்போது ஊரின் பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இந்த வழியாகப் போனார். ஊரும் கிழடு, சாமியும் கிழடு, இதில் பாட என்ன இருக்கிறது என்று பாடாமலே கடந்தார். பழமலைநாதர் கோபிக்கவில்லை, திட்டம் போட்டார். மகன் முருகனை ஏவிவிட, அவன் வேடனாக வந்து சுந்தரரின் உடைமைகளைப் பறித்துக்கொண்டான். சுந்தரர் திரும்பி வந்தார், பாடினார், 12,000 பொன்னும் பெற்றார் என்கிறது தலபுராணம். வழிப்பறி செய்த அந்த வேடன்தான் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பராக வீற்றிருக்கிறான் என்பது ஊரார் கூற்று.

இதிலிருந்து பெறப்படும் விதி: வில்லத்தனம் என்பது, கடந்து போகிறவரை நிறுத்தி வைத்தல். பறிக்க ஒருவன் வராவிட்டால் சுந்தரர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். வெண்பா இல்லாவிட்டால் பாரதியும் கண்ணம்மாவும் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தியிருப்பார்கள். அடுத்தவர் நிம்மதியை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை எந்தக் கூடத்திலும் இல்லை.

பெற்ற பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடும் இந்த உத்தியைத் திரைக்கதையாசிரியர்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் மாதம் தொலைந்த குழந்தை நானூறாவது பகுதியில் வேறு வீட்டுக் கூடத்தில் கிடைக்கும்.

திருவொற்றியூரில் நடந்தது இதைவிட நுட்பமானது. தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்யப் போகிற சுந்தரர், அந்த நேரம் சன்னதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடம் முன்கூட்டியே பேசி வைத்தார். சிவனும் சரி என்றார். பிறகு சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். இரு தரப்புக்கும் ஆலோசகராக இருந்துகொண்டு இருவரையும் மாட்டிவிடும் இந்த முறையில், பாரதியின் தோழியாக அவன் பக்கத்திலேயே இருந்த வெண்பாவின் முழுப் பாடத்திட்டமும் அடங்கியிருக்கிறது. வேறுபாடு, பக்தர்கள் அதைத் திருவிளையாட்டு என்பார்கள். அத்தை சொன்ன சொல்லை இங்கே அச்சிட இயலாது.

4. பணிப் பகுப்பாய்வு

தொடரின் கதை ஒரு தாளில் அடங்கும். பாரதி மருத்துவன். கண்ணம்மாவைக் காதலித்து மணக்கிறான். தனக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று ஒரு பொய் மருத்துவ அறிக்கையை நம்புகிறான். அந்தப் பொய்க்குப் பின்னால் வெண்பா. கண்ணம்மா கருவுறுகிறாள், பாரதி சந்தேகப்படுகிறான், அவள் பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு நடக்கிறாள். அந்த நடை மீம் ஆனது. இரட்டைப் பெண்குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்று தாயிடம். மற்றொன்று, தன் மகள் என்று தெரியாமலே வளர்க்கும் தகப்பனிடம்.

இனி வேலைப் பங்கீட்டைக் காண்போம். வெண்பா அறிக்கைக்கு ஏற்பாடு செய்தாள், சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றினாள், உண்மை தெரிந்தவர்களைச் சமாளித்தாள், ஆண்டுக்கணக்கில் பாரதியை மணக்க முயன்றாள், ஒவ்வொரு முறையும் தோற்றாள், மறுநாள் புதுப் புடவையில் வேலைக்கு வந்தாள். பாரதி சந்தேகப்பட்டான். அவ்வளவுதான். மருத்துவம் படித்தவன், மருத்துவமனையிலேயே நாள் முழுவதும் இருப்பவன், ஒரு டி.என்.ஏ. பரிசோதனைக்கு வந்து சேரத் தொடரின் கடைசிக் கட்டம் ஆயிற்று. வேறு எந்தத் துறையிலும் இந்த வருகைப்பதிவை வைத்துக்கொண்டு ஒருவன் கதாநாயகனாக நீடிக்க முடியாது.

வில்லியின் உழைப்பு திரைக்கு வெளியிலும் மெய்ப்பிக்கப்பட்டது. கர்ப்பத்தைப் பற்றிய பொய்யைச் சுமந்த பாத்திரத்தில் நடித்த ஃபரினா, 2021இல் தாமே கருவுற்றிருந்தபோதும் படப்பிடிப்புக்கு வந்துகொண்டிருந்தார். பார்வையாளர்கள் அன்றும் திட்டினார்கள், ஆனால் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுத் திட்டினார்கள்.

பிற சான்றுகளும் உள. இந்தியில் 2001இல் தொடங்கிய ‘கசௌட்டி ஜிந்தகி கே’ தொடரில் ஊர்வசி தோலாக்கியா நடித்த கோமோலிகாவுக்குத் தனிப் பின்னணி இசை இருந்தது. அவள் வைத்த பொட்டுக்குக் கடைத்தெருவில் கிராக்கி இருந்தது. கதாநாயகி பிரேர்ணா வைத்த பொட்டை யாரும் கேட்டு வாங்கியதாகத் தகவல் இல்லை. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக ஊரையே அதட்டிய மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று காலை அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்தார். அதுவரை குணசேகரனைத் தினமும் வைத வாய்கள் அன்று அழுதன. அத்தை வீட்டிலும் அன்று அடுப்பு பற்ற நேரமாயிற்று. வேலை செய்தவர் யார் என்பது எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

5. சதிகளின் வகைப்பாடு

சதிகளை அவற்றின் நோக்கத்தால் பிரிப்பது பழைய முறை. சூட்டால் பிரிப்பதே அறிவியல். விருத்தாசலப் பட்டறைகளில் நடைமுறையில் உள்ள மூன்று நிலைகள் இதற்குப் போதும்.

அ. பச்சைச் சதி. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த நிலை. உருவம் இருக்கும், உறுதி இராது, தண்ணீர் பட்டால் கரையும். கடிதத்தை ஒளித்தல், தொலைபேசியை எடுத்துத் தவறாகத் தகவல் சொல்லுதல் முதலியன. ஆயுள் வெள்ளிக்கிழமை வரை.

ஆ. பிஸ்கட் சதி. சூளையில் ஒருமுறை வெந்தது. கரையாது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். சாட்சிக்கு ஆள் வைத்து நடத்தப்படுவது. அந்த ஆள் கம்பவுண்டராகவோ காரோட்டியாகவோ இருப்பான். என்றைக்காவது கதாநாயகி அவன் பிள்ளையைக் காப்பாற்றுவாள், அவன் உருகிச் சொல்லிவிடுவான்.

இ. கிளேஸ் சதி. மேல்பூச்சில் முக்கி எடுத்து மறுபடி வேகவைத்தது. ஈரம் உள்ளே போகாது, வெளியே பளபளக்கும். முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாள் இவ்வகை. வெண்பாவின் மருத்துவ அறிக்கை இதில் தலையாயது. படித்தவனே இதில் விழுவான், ஏனென்றால் தாளை நம்பத்தான் அவன் படித்தான்.

எந்த வகையானாலும் சதிகளுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. வில்லி தன் திட்டத்தைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்கச் சொல்லுவாள். வெளியே யாராவது பால் செம்புடன் நிற்பார்கள். இதை எழுத்தாளரின் கவனக்குறைவு என்றே ஆய்வாளர் முதலில் குறித்திருந்தார். அத்தை அந்தக் குறிப்பை அடிக்கச் சொன்னார். கொலு பொம்மை ஒன்றைக் கவிழ்த்து அடிப்பாகத்தைக் காட்டினார். உள்ளே வெற்றிடம், அடியில் விரல் நுனி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

“அச்சுல ஊத்துன குழம்பு ஓரத்துல மட்டும் பிடிச்சிக்கும், மிச்சத்த இந்த ஓட்ட வழியாத்தான் வடிக்கணும். அத அடைச்சிட்டு சூளையில வெச்சேன்னு வெய்யி, உள்ள இருக்குற காத்து போக வழியில்லாம படார்னு வெடிச்சிடும். பக்கத்துல இருக்குற பொம்மையும் போச்சி. ஓட்ட வெக்கிறது மறதி இல்லடா, தொழிலு.”

திறந்த கதவு தொழில். ஓட்டையில்லாத சதி ஒன்று தொடரில் அமைந்துவிட்டால், நீதி கிடைக்க வழியே இல்லை என்று தெரிந்த பார்வையாளர் அன்றிரவே வேறு சேனலுக்குப் போய்விடுவார். பால் செம்புடன் நிற்பவரைக் கண்டால் ‘கேட்டுட்டா, கேட்டுட்டா’ என்று கூடமே நிமிர்ந்து உட்காருகிறது. கேட்டவர் யாரிடமும் சொல்லமாட்டார் என்பது அடுத்த இயலுக்கு உரியது.

6. பிராதுக் கோட்பாடு

மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் உலகில் அரிதான ஒரு வழக்கம் உண்டு. கடனைத் திருப்பித் தராதவன், நகையைக் களவாடியவன், குடும்பத்தைக் கெடுத்தவன் என யார் மீதும் தாளில் குறையை எழுதிச் சாமிக்குப் பிராது கொடுக்கலாம். ஊரிலிருந்து கோயில் எவ்வளவு தூரமோ அதற்கேற்பப் படிக்காசு கட்டி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வரவேண்டும். 90 நாளுக்குள் தீர்ப்பு என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்ப வந்து ‘ராஜினாமா’ எழுதி வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். சுந்தரரிடம் வழிப்பறி செய்தவரே இன்று நீதிபதி என்பதால் குற்றவாளிகளின் உத்திகள் அவருக்கு அத்துபடி.

இதன் கோட்பாட்டு முக்கியத்துவம் என்னவென்றால், பிராது கட்டுகிறவர் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, பெயர் சொல்லி, எழுதியாக வேண்டும். நெடுந்தொடரில் எவரும் செய்யாத காரியம் இது. அங்கே ‘உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்’ என்று ஆரம்பிப்பார்கள், தொலைபேசி அடிக்கும். காதல் தொடர்களின் கதைக்களம் விருத்தாசலத்தில் அமைக்கப்படாமைக்கு இதுவே காரணமாதல் வேண்டும். பக்கத்திலேயே பிராது கட்ட இடமிருந்தால் நான்காண்டுத் தொடர் 90 நாளில் முடிந்துவிடும்.

இதைச் சோதிக்க, கண்ணம்மா சார்பில் மாதிரிப் பிராது ஒன்று அத்தை வீட்டில் வரையப்பட்டது. எதிர்மனுதாரர் வெண்பா என்று ஆய்வாளர் எழுதத் தொடங்கியதும் அத்தை தடுத்தார்.

“அவ பேர என்னாத்துக்கு எழுதுற? அவ பொய் சொன்னா. நம்புனது யாரு? பாரதி பேர மொதல்ல போடு. அவன் அம்மா சௌந்தர்யா பேரையும் போடு. பேத்திய தன் கையாலயே மவன்கிட்ட குடுத்துட்டு, ஒம் புள்ளதான்டான்னு ஒரு வார்த்த சொல்லாம எத்தன வருஷம் இருந்தா?”

கண்ணம்மாவும் பேசாமல்தானே இருந்தாள் என்று பக்கத்து வீட்டு அக்கா ஆட்சேபித்தார். அவள் ஏன் நிரூபிக்க வேண்டும், சந்தேகப்பட்டவன் அல்லவா நிரூபிக்க வேண்டும் என்று அத்தை கேட்டதும் ஆட்சேபணை தள்ளுபடியானது. ஆக, பிராதில் எதிர்மனுதாரர்கள் அனைவரும் நல்லவர்களாகவே அமைந்துவிட்டார்கள். வெண்பாவுக்கு அரசுத் தரப்புச் சாட்சியாக மட்டும் இடம் கிடைத்தது. நடந்தது முழுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே.

மாதிரிப் பிராது கட்டப்படவில்லை. காரியம் கைகூடினால் ராஜினாமா எழுத வேண்டிவரும், தொடர் முடிந்த அந்த அரைமணிக்கு என்ன செய்வது என்ற சிக்கலை அத்தை எழுப்பினார். அச்சம் தேவையற்றது என்பதைப் பிற்பாடு சேனலே காட்டியது. முதல் பாகம் முடிந்த கையோடு இரண்டாம் பாகம் தொடங்கிவிட்டது.

7. முடிவும் பரிந்துரையும்

வில்லி இல்லாமல் தொடர் இல்லை என்பது ஊரறிந்தது. வில்லி மட்டும் இருந்தாலும் தொடர் இல்லை என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. அவளைச் சுற்றி, உண்மை தெரிந்தும் சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருக்கும் கண்ணியமானவர்கள் ஒரு வீடு நிறைய வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை என்பதால் இக்கலை நீடூழி வாழும்.

எனவே பரிந்துரைக்கப்படுவன: வில்லிகளுக்கு வைப்புநிதியும் பேறுகால விடுப்பும் தரவேண்டும். கதாநாயகர்களுக்கு வருகைப்பதிவேடு வைக்கவேண்டும். உண்மை தெரிந்த நல்லவர்களுக்கோ, வாய் திறக்காத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்ற ஒரு விதி போதும். எந்தத் தொடரானாலும் அந்த வாரக் கடைசியில் சுபம் போட்டுவிடலாம்.