தொண்டையில் இருந்துகொண்டு இதயத்தைக் கொல்வது

தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவில் இறந்த குழந்தைகளை ஃபிரெடரிக் லோஃப்லர் ஆராய்ந்து 1884-இல் எழுதினார். கிருமி தொண்டைச் சவ்வில் மட்டுமே இருந்தது. சேதமோ தொலைவிலிருந்த உள்ளுறுப்புகளில். அப்படியானால் கொன்றது எது? நான்கு ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் எமில் ரூவும் அலெக்ஸாந்தர் யெர்சினும் கிருமி வளர்ந்த திரவத்தைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார்கள். கிருமியே இல்லாத அந்த வடிநீரைச் செலுத்தியபோதும் விலங்குகள் செத்தன.

கொன்ற நச்சு ஒரு புரதம். 535 அமினோ அமிலங்களின் ஒற்றைச் சங்கிலி. படிக்கப் படிக்க என்னை மலைக்கவைப்பது, ஒவ்வொரு படியிலும் செல்லே அதற்குத் துணைபோவதுதான். வளர்ச்சிக் காரணி ஒன்றின் முன்வடிவம் செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. நச்சு அதைப் பற்றிக்கொள்கிறது. செல்லின் சொந்த நொதியான ஃபியூரின் சங்கிலியை வெட்டித் தருகிறது. பற்றிய நச்சைச் செல் ஒரு நுண்பையில் பொதிந்து உள்ளிழுக்கிறது. வழக்கம்போலப் பைக்குள் அமிலத்தையும் ஏற்றுகிறது. அமிலம் பட்டதும் நச்சின் ஒரு பகுதி உருமாறிப் பையின் சுவரில் நுழைந்து வழி திறக்க, வெட்டுப்பட்ட சங்கிலியின் ‘ஏ’ துண்டு வெளியேறிச் செல்நீரை அடைகிறது.

அங்கே அதற்கு ஒரே வேலைதான். ரைபோசோம் புரதம் கோக்கும்போது படிப்படியாக முன்னேற ஈஎஃப்-2 என்ற புரதம் வேண்டும். செல்லின் என்ஏடி மூலக்கூறிலிருந்து ஒரு பகுதியைப் பிய்த்து ஈஎஃப்-2 மேல் ஒட்டிவிடுகிறது ‘ஏ’ துண்டு. அத்தோடு ஈஎஃப்-2 முடங்கிவிடும். ‘ஏ’ துண்டு நொதி ஆதலால் தான் தீராமல் அடுத்த ஈஎஃப்-2விடம் போகும். புரத உற்பத்தி நின்று செல் சாகும். உள்ளே நுழைந்த ஒரே ஒரு ‘ஏ’ மூலக்கூறு ஒரு செல்லைக் கொல்லப் போதும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978-இல் காட்டினார்கள். ரத்தத்தோடு போகும் நச்சு இதயத் தசையையும் நரம்புகளையும் இப்படித்தான் தாக்குகிறது.

இந்த நச்சின் மரபணு பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸுடையது. அந்த வைரஸ் தொற்றினால் சாதுவான கிருமியும் நச்சு சுரக்கும் என்று விக்டர் ஃப்ரீமன் 1951-இல் கண்டார்.

எதிர்நச்சு மருந்து, செல்லுக்குள் இன்னும் போகாத நச்சைத்தான் பிடிக்கும். அதனால்தான் சந்தேகம் எழுந்ததுமே, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அதைச் செலுத்துகிறார்கள். முத்தடுப்பு ஊசியில் இருப்பது ஃபார்மலினால் வீரியம் போக்கப்பட்ட இதே நச்சு. முறையாக அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்ட குழந்தையின் ரத்தத்தில், நச்சு செல்லைத் தொடுமுன் அதை மடக்கும் எதிர்ப்பொருள் முன்கூட்டியே உருவாகியிருக்கும்.