துண்டுக்கடியில் ஒரு விலை

மணப்பாறைச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசும்போது யாரும் தொகையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை உதறி எதிராளியின் கைமேல் போடுவார். அதற்கடியில் தன் கையை நுழைத்து அவர் விரல்களைப் பிடிப்பார். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்து அமுக்கினால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றி நிற்கும் எங்களுக்குத் தெரிவதெல்லாம் இரண்டு முகங்கள். ஒரு முகம் சுருங்கும், ஒரு தலை ஆடும், "ம்ஹூம், கட்டாது" என்று ஒரு சொல் விழும், துண்டு மறுபடி அசையும். என் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், முப்பது வருடம் இந்தத் தரகுதான் செய்தார். 1995-ல் எனக்கு மோட்டார் சைக்கிள் வாங்கத் திருச்சிக்குக் கிளம்பியபோது அப்பா அவரைத்தான் கூப்பிட்டார். "நீங்க வந்தாத்தான் மச்சான் விலை படியும்."

வேலையில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது எனக்கு. யமஹா ஆர்எக்ஸ் 100 தவிர வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்காத வயது. 98 சிசிதான் அந்த என்ஜின். ஆனால் எங்கள் தெருமுனையில் அது திரும்பும் சத்தம் கேட்டால் வீட்டுக்குள்ளிருந்தே யாருடைய வண்டி என்று சொல்லிவிடுவோம். நீங்களும் அப்படி ஒரு சத்தத்துக்காகத் திண்ணையில் காத்திருந்தவராக இருந்தால், அன்று பேருந்தின் ஜன்னலோரத்தில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் மடியில் மஞ்சள் பை, அதற்குள் கடலை விற்ற பணமும் என் சம்பளத்தில் சேர்த்ததும் நூறு ரூபாய்க் கட்டுகளாக. மாமாவின் மடியில் ஒரு பொட்டலம் மணப்பாறை முறுக்கு. எதற்கு என்று கேட்டேன். "பேசப் போற இடத்துக்கு வெறுங்கையோட போகக் கூடாது மாப்ள" என்றார்.

அப்பாவின் இளமையில் வண்டி வாங்குபவன் பேரம் பேசியதே இல்லை. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. முறை வந்தவர் அதை அடுத்தவருக்குக் கூடுதல் பணத்துக்குக் கைமாற்றியதும் உண்டு. 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி வந்தது. அடுத்த ஆண்டே ஹீரோ ஹோண்டாவும் யமஹாவும் வந்தன. வண்டிகள் கடையில் வரிசையாக நிற்கத் தொடங்கிய பிறகுதான் வாங்க வந்தவனுக்கு நாற்காலி கிடைத்தது. அன்று திருச்சிக் கடையில் நானும் அப்பாவும் உட்கார்ந்தது அப்படிக் கிடைத்த நாற்காலிகளில். அப்பா அதன் நுனியில்தான் உட்கார்ந்தார்.

மாமா உட்காரவில்லை. காளையைச் சுற்றி வருவது போல வண்டியை இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று வந்தார். டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பின்சீட்டை அமுக்கிவிட்டு அது எழும்பி வருவதைப் பார்த்தார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். நிமிர்ந்து என்னிடம், "சுழி சுத்தம்" என்றார். இன்றைக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் என் கை முதலில் டேங்குக்குத்தான் போகிறது.

தேநீர் வந்தது. மேலாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கொட்டேஷன் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "ஐயா, இது கம்பெனி விலை. ஒரு ரூபாய் குறைக்கக்கூட எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மைதான். மாமா தாளைப் பார்க்கவே இல்லை. "விலையை யார் தம்பி கேட்டா? மாட்டுக்கு விலை இறங்கலைன்னா கழுத்து மணியைக் கேப்போம். இதுக்கு மணி எது?" அந்த மனிதர் ஒரு கணம் விழித்தார், பிறகு சிரித்தார். மாமா தோளிலிருந்து துண்டை எடுத்து அந்தக் கண்ணாடி மேசைமேலேயே அவர் கையை மூடினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் அப்பாவும் சந்தைக்கு மாடு ஓட்டியவராம். துண்டு அசைந்தது. மேலாளரின் முகத்தில் அதற்குமுன் இல்லாத ஒரு ஊர் வந்து உட்கார்ந்தது.

முடிவில் நான்கு விரல். சீட் கவர், டேங்க் கவர், முன்பக்க க்ராஷ் கார்டு, சைடு பாக்ஸ். ஆயில் டேங்க் நிரம்ப 2டி ஆயில் அவராகவே போட்டது. முதல் 1,000 கிலோமீட்டருக்கு 40-ஐத் தாண்ட வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னபோது மாமா ஆமோதித்தார்: "புதுக் காளைக்கு எடுத்ததும் பாரம் ஏத்தக் கூடாதுல்ல." சமயபுரத்தில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கி, ஊருக்குத் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்தார். மோட்டார் சைக்கிளில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. வழி முழுக்கத் துண்டு என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது.

அதன்பின் ஒவ்வொரு சர்வீஸுக்கும் போகும்போது அந்த மேலாளர் முதலில் மாமாவைத்தான் விசாரிப்பார். 2004-ல் மாமா போனபோது, யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ, திருச்சியிலிருந்து பேருந்தில் மாலையோடு வந்து பந்தலில் நின்றார். அவர்கள் இருவரும் நேரில் பேசிக்கொண்டது அந்த ஒரு முற்பகல் மட்டுமே.

இதையும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதே மாதம் அதே கடையில் அதே வண்டியை வாங்கினார். கூட வருவதற்கு அவருக்கு மாமா யாரும் இல்லை. நான்கு மணிக்கும் தனித்தனியாகக் காசு கொடுத்தார். என் அக்காவோ அம்மாவோ அந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை. வாருங்கள் என்று நாங்கள் அழைத்ததும் இல்லை. நான் நினைத்து நினைத்து இனிக்கும் அந்தப் பேரத்துக்கு வெளியே இத்தனை பேர் நின்றிருந்தார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நடுவில் பேரம் ஒருமுறை தலைகீழாகவும் நின்றது. பழைய புகை விதிப்படி செய்த பிஎஸ்-3 வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் கடைசியில் சொன்னதும், சில வண்டிகளுக்கு 20,000 ரூபாய்க்கு மேலும் தள்ளுபடி என்று கடைக்காரர்களே வாசலில் நின்று கூவினார்கள். மாமா இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டார். அழுகிற கையோடு விலை பேசக் கூடாது என்பது அவர் வழக்கம்.

போன ஆண்டு என் மகள் வண்டி வாங்கினாள். 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிறது என்று தெரிந்ததும், 2025 செப்டம்பர் 22 வரை பொறுத்திருந்து, அதன்பிறகுதான் கடைகளுக்குச் செய்தி அனுப்பினாள். மூன்று கடைகளின் கொட்டேஷனும் வாட்ஸ்அப்பில் வந்தன. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவற்றை வரிவரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். எக்ஸ் ஷோரூம் விலை மூன்றிலும் ஒன்றேதான். சாலை வரியில் பேச ஒன்றுமில்லை. ஒரு லட்சத்துக்குள் என்றால் 10 சதவீதம், தாண்டினால் 12. அதற்குக் கீழேதான் இருந்தது மணி. "ஹேண்ட்லிங் சார்ஜ்னு போட்டிருக்காங்களேப்பா, இது எதுக்கு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கடைக்கு நானும் போனேன், துணைக்கு. வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருவன், என் மகளைவிடச் சின்னவன், கையில் டேபைப் பிடித்தபடியே பேசினான். இவள் குரலை உயர்த்தவே இல்லை. ஹேண்ட்லிங் சார்ஜுக்கு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். அந்த வரி போனது. வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138-ல் இருக்கிறதே என்றாள். ஹெல்மெட்டின் விலை போனது. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்தான், ஆனால் எங்கே எடுப்பது என்பது என் விருப்பம் என்று சொல்லி வேறொரு தொகையைப் போனில் காட்டினாள். அவன் உள்ளே போய்க் கேட்டுவந்து அதற்கே இறங்கினான். மிச்சம் இருந்தது சாரி கார்டு. பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று விதி 123 சொல்கிறது, அது எப்படி எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஆகும் என்றாள். "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றான்.

நான் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இன்னொரு பெண் தனியாக வந்து தன் வண்டிக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. அதே நேரம் அந்த மேசையில் தேநீர் இல்லாதது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பையனின் ஊரை நாங்கள் கேட்கவில்லை, எங்கள் ஊரை அவனும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து முதல் சர்வீஸுக்குப் போனபோது அவன் அங்கே இல்லை. செல்போன் கடைக்குப் போய்விட்டானாம். அவன் பெயரை நான் அன்றைக்கே கேட்டு வைத்திருக்கலாம்.

டெலிவரி நாளன்று அட்டையில் செய்த பெரிய சாவியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வண்டியைச் சுற்றி ஏதேதோ பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் மகள். நான் டேங்கின்மேல் கை வைத்து நின்றேன். நேரே சமயபுரம். எலுமிச்சை நசுங்கிய ஈரம் சக்கரத்தில் காயுமுன் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். மாமாவின் கதையை அவள் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். ஆனால் விரல்களை எப்படிப் பிடிப்பது என்று கேட்டது அன்றுதான். என் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தேன். ஒன்று, இரண்டு என்று சொல்லிக் கொடுத்தேன்.

"சரி, இப்ப நான் சொல்றேன். நீங்க கண்டுபிடிங்க" என்று கையை உள்ளே நுழைத்தாள். என் சுட்டுவிரலும் நடுவிரலும் மோதிர விரலும் அவள் பிடிக்குள் போயின. மூன்று. ஹேண்ட்லிங் சார்ஜ், ஹெல்மெட், இன்சூரன்ஸ். நான் மாமாவைப் போலவே தலையை ஆட்டி, "ம்ஹூம், கட்டாது" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். பிறகு துண்டு மெல்ல அசைந்தது. என் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்தாள்.

"பின்சக்கரத்தைப் பார்க்கலையாப்பா நீங்க?" என்றாள்.